எல்போவில் நின்ற கணக்கு

என் வீட்டுக்காரரைப் பற்றி மூன்று நான்கு பேர் எழுதிவிட்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள்: பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், பாய்லர் ஓட்டியவர், யாரும் சொல்லிக்கொடுக்காமல் கணித இயற்பியலைத் தானே கற்றுக்கொண்ட பிறவி மேதை. பிறவி மேதையாவது மண்ணாங்கட்டியாவது! சட்டையை உள்ளும் புறமும் மாற்றிப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிற மேதையை நான்தானே கட்டிக்கொண்டேன், எனக்குத் தெரியாதா? எழுத வந்தவர்களில் ஒருவராவது என் எதிரே உட்கார்ந்து, "நல்லாத்தானே போட்டுட்டு இருந்தார், அப்புறம் ஏன் விட்டுட்டார்?" என்று கேட்டதில்லை. அவர்கள் கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை பார்த்தோம். ஆஸ்பத்திரி, ஹோட்டல், விடுதி என்று பல இடத்து விரிப்பும் துண்டும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். பாய்லர் கீழ்த்தளத்தில் இருந்தது. அது கொதித்தால்தான் மேலே இயந்திரங்களுக்கு வெந்நீரும் உருளைப் பிரஸ்ஸுக்கு நீராவியும். அவர் கீழே, நான் மேலே மடிப்புப் பகுதியில். ஈர விரிப்பு உருளைக்குள் போய்ச் சுடச்சுட வெளியே வரும். எதிரெதிரே இரண்டு பெண்கள் நின்று பிடித்து மடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் இவர் அடிக்கடி மேலே வந்து, இல்லாத நீராவிக் கசிவைத் தேடிக்கொண்டு நிற்பார். என் ஜோடிக்காரி கண்ணடிப்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். கழுத்தில் மாலை விழுந்த பிறகுதான் தெரிந்தது, மனிதர் பார்த்தது என்னை இல்லை, விரிப்பை.

பாய்லர்காரன் வேலையைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். தீ நிலையாக எரிய ஆரம்பித்துவிட்டால், தண்ணீர் மட்டத்தையும் அழுத்த முள்ளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பாதி நேரம். மற்றவர்கள் சீட்டு ஆடுவார்கள், இல்லை ஊர்வம்பு அளப்பார்கள். இவர் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு சுவரில் எழுதுவார். கரிப்புகை படிந்த கறுப்புச் சுவர், எழுத வாகாக இருக்கும். அதனால் அங்கே இவருக்குப் பெயரே 'சாக்பீஸ்'தான். "சாக்பீஸைக் கூப்பிடு, வால்வு ஒழுகுது" என்பார்கள். காகிதத்தில் எழுதமாட்டார். "காகிதத்துல எழுதினா தப்பு மேல பாசம் வந்துடும். சுவத்துல எழுதினா துடைச்சுட்டுப் போகலாம்" என்பார்.

இவருக்கு வாத்தியார் யார் என்றால், பழைய பேப்பர் கடை. எடை போட்டு வாங்கி வைத்திருக்கிற பாடப்புத்தகங்களைப் பொறுக்கி எடுத்து வந்து, பள்ளிக்கூடக் கணக்கில் ஆரம்பித்துக் கல்லூரிக் கணக்கு வரைக்கும் தட்டுத்தடுமாறி ஏறியிருக்கிறார். கடைசியாகக் கிடைத்தது ஒரு தடிமனான புத்தகம். சூடு எப்படிப் பரவுகிறது என்பதை முழுக்கக் கணக்காகச் சொல்கிற புத்தகம். யாரோ ஒரு பைண்டர் அதற்குப் புது அட்டை போடும்போது ஓரங்களை ஒட்ட நறுக்கியதில் பக்க எண்ணெல்லாம் போய்விட்டது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொண்டார்.

"இந்தாளு திமிரைப் பாரு," என்று ஒரு நாள் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "'ஏற்கெனவே கண்ட முறைப்படி'ன்னு எழுதறான். எங்கய்யா கண்டோம்? முன்னாடி பின்னாடி எல்லாம் தேடிட்டேன், அப்படி ஒண்ணுமே இல்ல."

"அச்சுல விட்டுப்போயிருக்கும்," என்றேன். எனக்கு என்ன தெரியும், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அதெல்லாம் விடமாட்டாங்க. படிக்கறவன் தானே கண்டுபிடிச்சுக்கட்டும்னு வேணும்னே விட்டிருக்கான். பெரிய ஆளுங்க புத்தி அப்படித்தான்."

அந்த நினைப்பு இவருக்குள் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. புத்தகம் எழுதியவரைத் தினமும் திட்டுவார். "நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதா?" என்று சுவரோடு சண்டை போடுவார். அப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கல்யாணத்துக்குப் பிறகும் மேலே வந்து எங்கள் விரிப்பைப் பார்ப்பதை விடவில்லை.

எனக்குக் கணக்கு வராது. ஆனால் இவர் சொல்லிச் சொல்லி இந்த ஒன்று மட்டும் புரியும். ஒரு கம்பியின் நடுவில் சூடு வைத்தால் அது இரண்டு பக்கமும் பரவுகிறது. கம்பிக்கு முடிவே இல்லை என்றால் கணக்கு சுலபம். ஆனால் கம்பி ஒரு இடத்தில் முடிகிறதே, அங்கே போன சூடு என்ன ஆகும்? அதுதான் சிக்கல். என் ஜோடிக்காரி ஒரு நாள் விரிப்பின் ஓரத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். மடித்தோம். ஈரம் மறுபாதியில் ஊறியது. இவர் அதைப் பார்த்துவிட்டுக் கீழே ஓடினார். ஓரம் என்ற ஒன்றே இல்லை என்று வைத்துக்கொண்டு சூட்டை அது பாட்டுக்குப் போகவிட வேண்டியது. கணக்கு முடிந்ததும், ஓரத்தைத் தாண்டிப் போனதை அப்படியே மடித்து இந்தப் பக்கம் போட்டுக் கூட்டிவிட வேண்டியது. அவ்வளவுதான். விரிப்பு மடிக்கிற மாதிரி சூட்டை மடித்துவிட்டார். நேர்க்குழாய்க்கு இந்தக் கணக்கு சரியாக வந்தது. மூன்று குழாய் சேரும் இடத்துக்கு வந்தது. இன்னும் என்னென்னவோ கோணல் வடிவத்துக்கெல்லாம் வந்தது என்பார். சுவர் முழுக்கக் கட்டங்களும் மடிப்புக் கோடுகளும் அம்புக்குறிகளுமாக இருக்கும். சுருள் சுருளான எழுத்து குறைவு, படம்தான் அதிகம்.

எல்போவில் மட்டும் வரவில்லை. குழாய் ஒரு திசையிலிருந்து சட்டென்று இன்னொரு திசைக்குத் திரும்புகிற இடத்தில் போடுகிற வளைவைத்தான் எல்போ என்பார்கள். எங்கள் பாய்லரிலிருந்து மேலே போகிற நீராவிக் குழாயில் ஒரு தடித்த எல்போ இருந்தது. மாற்றி மாற்றிப் போட்டாலும் உள்மூலையில் விரிசல் விடும். அந்த மூலையைச் சூடு எப்படித் திரும்புகிறது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும், அதுதான் இவருக்கு வேண்டியது. வீடு வேண்டும், வண்டி வேண்டும் என்று மற்ற ஆண்கள் சொல்வார்கள். இவருக்கு எல்போ வேண்டும்.

"ஒரு விரிப்பு போதாது," என்பார் சாப்பிட்டுக்கொண்டே. "மூலையைச் சுத்தி மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. ரெண்டு விரிப்பு வேணும். மேல போனது ஒரு சுத்து சுத்திட்டுக் கீழ் விரிப்புக்கு இறங்கணும். எங்க இறங்குதுங்கறதுதான் இன்னும் பிடிபடல. கையெட்டற தூரத்துல இருக்கு."

"குழம்பும் கையெட்டற தூரத்துலதான் இருக்கு. ஊத்திட்டுச் சாப்பிடுங்க," என்பேன்.

எங்கள் மகள் சின்னவளாக இருக்கும்போது, "அப்பா ஏம்மா எல்போ எல்போன்னே சொல்றாரு, இடிச்சுக்கிட்டாரா?" என்று கேட்டாள். அன்றைக்கு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு ஒரு வருஷம் பாய்லர் இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். சுவரைப் பார்த்ததும் மனிதருக்கு மூக்கின் மேல் கோபம். அழுத்த அளவுகளை ஒழுங்காகப் பதியாமல் சுவரில் கிறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். "ரீடிங்கை சுவத்துல எழுதறதா? இது என்ன மாட்டுக் கொட்டகையா?" என்று கத்தினார். இவர் பதறிப்போய், "ரீடிங் இல்லீங்க சார், இது என் சொந்தக் கணக்கு" என்றிருக்கிறார். இன்ஸ்பெக்டரும் கொஞ்சம் கணக்குப் படித்தவர்தான். திட்டிக்கொண்டே கிட்டப் போய்ப் பார்த்தவர், திட்டுவதை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அவருடைய மச்சான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர்.

பேராசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தலைக்கனம் துளி இல்லாத மனிதர். முன்னறையில் துணி காயப்போட்டிருந்த கொடிக்கு அடியில் குனிந்து வந்து உட்கார்ந்து, போட்டோக்களை மேஜையில் பரப்பினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்த ஒரே நல்ல கோப்பையில் டீயை ஊற்றி வைத்தேன்.

"இதையெல்லாம் நீங்க அலைத்தொடர் வச்சுப் போடலையே, ஏன்?" என்று கேட்டார்.

"அது என்னங்க சார்?" என்றார் இவர்.

பேராசிரியர் டீயைக் கீழே வைத்துவிட்டார். எந்தச் சூட்டையும் சின்னச் சின்ன அலைகளாகப் பிரித்துத் தனித்தனியே போட்டுக் கடைசியில் கூட்டிவிடுவது, அதுதான் அலைத்தொடராம். சூட்டுக் கணக்கு படிக்கிறவர்களுக்கு முதல் பாடமே அதுதானாம். அது தெரியாமல் இவ்வளவு தூரம் வந்தவரைப் பார்ப்பது, சோப்பு என்ற ஒன்றைக் கேள்வியே படாமல் சலவை நிலையம் நடத்துகிறவரைப் பார்ப்பது மாதிரி இருந்திருக்கும். எந்தப் புத்தகம் படித்தீர்கள் என்று கேட்டு வாங்கிப் புரட்டினார். நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்து, தையல் நூலைத் தடவிப் பார்த்தார்.

"இதுல பக்கங்கள் ஒரு பெரிய கட்டு முழுசா விட்டுப்போயிருக்குங்களே. பைண்ட் பண்ணவன் சேர்க்க மறந்திருக்கான். அலைத்தொடர் பூரா அதுலதான் வரும்."

இவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். நூல் தொய்ந்து கிடந்த இடத்தை விரலால் நெம்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ அந்த ஆளு வேணும்னே விடலையா?"

"யாரு?"

"புத்தகம் எழுதினவரு. அட பாவமே! நான் பாட்டுக்கு இத்தனை வருஷமா வாய்க்கு வந்தபடி திட்டிட்டு இருந்தேன்."

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "அது இல்லாததுதான் உங்க அதிர்ஷ்டம். இருந்திருந்தா நீங்களும் எங்களை மாதிரியே போட்டிருப்பீங்க" என்றார். நானும் சிரித்தேன். அந்த வார்த்தையில் இருந்த இடி எனக்கு அப்போது கேட்கவில்லை.

அடுத்த சில மாதங்கள் எங்கள் வீட்டில் ஒரே கொண்டாட்டம். பேராசிரியர் வாரா வாரம் வருவார். இவர் சொல்லச் சொல்ல அவர் முறைப்படி எழுதிக்கொள்வார். கணக்கில் வருகிற கிரேக்க எழுத்துகளுக்கு இவர் தானே வைத்த பெயர்தான் சொல்வார். "இந்தத் தும்பிக்கையை எடுத்து அந்தக் கவுத்த முக்கோணத்துக்குப் பக்கத்துல போடுங்க" என்பார். புத்தகத்தில் கண்ணால் பார்த்ததோடு சரி, ஒருவர் வாயாலும் அதையெல்லாம் உச்சரித்துக் கேட்டதில்லையே! பேராசிரியரும் சளைக்காமல், "தும்பிக்கைக்குக் கீழ ஒரு புள்ளி உண்டுங்களா?" என்பார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கணக்கைப் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டது இவருக்கு. இவர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

கட்டுரை ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகைக்குப் போனது. திரும்பி வந்தது. முறை புதிது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அலைத்தொடரோடு ஒப்பிட்டு, இரண்டும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே வித்தியாசப்படுகிறது என்று காட்டினால்தான் போடுவோம் என்றார்கள். கேட்டது நியாயம்தான் என்றார் பேராசிரியர். எல்லாருக்கும் தெரிந்த பாஷையில் சொல்லாவிட்டால் யாருக்கும் புரியாது.

"அந்தப் பகுதியை நானே எழுதிடறேன்," என்றார்.

"வேணாங்க. என் பேர்ல வர்றதை நான்தான் எழுதணும். புரியாததுக்குக் கீழ எப்படிங்க பேர் போடறது?"

பேராசிரியர் கொஞ்சம் தயங்கிவிட்டு, விட்டுப்போன பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார், மறைக்கவில்லை. "அவசரப்படாதீங்க. முடிஞ்சா எல்போவை முடிச்சுட்டு இதைப் பிரிங்க."

உறை ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. இவரும் அதைத்தான் நினைத்தார்: முதலில் எல்போ, அப்புறம் உறை. வேலைக்குப் போகும்போது அதைப் பார்ப்பார், வந்ததும் பார்ப்பார். எல்போவோ, இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே போனது. பத்திரிகைக்காரர்கள் கெடு வைத்துவிட்டார்கள். கெடு தாண்டினால் கட்டுரை செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"பேராசிரியரே எழுதட்டுமே," என்றேன். "அவர் என்ன உங்க பேரைத் தூக்கிட்டா போயிடுவாரு?"

"அதுக்கில்ல. நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்டா நான் திருதிருன்னு முழிக்கணுமா?"

"எல்போ?"

"அது எங்க போயிடும்? என் தலைக்குள்ளதானே இருக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையைப் பிரித்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து, "அட!" என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "அடேயப்பா!" எட்டிப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறார். "எவ்வளவு சுலபம் பாரும்மா! நான் மாசக்கணக்கா மல்லுக்கட்டினதை இவங்க நாலு வரியில முடிச்சுட்டாங்க. என்ன அழகு, என்ன அழகு!" பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி படித்தார். குளிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. வயிற்றெரிச்சலோ வருத்தமோ எதுவும் இல்லை. சந்தோஷம்தான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

ஒப்பிட்டு எழுதிக் கொடுத்தார். கட்டுரை வந்தது. 'மடிப்பு முறை' என்று அதற்குப் பெயரும் நிலைத்துவிட்டது. சலவை நிலையத்தில் மேற்பார்வையாளர் எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார். என் ஜோடிக்காரி, "மடிச்சது நாம, பேரு அவருக்கா?" என்று சத்தம் போட்டுச் சிரித்தாள். எல்லாம் முடிந்து இவர் எல்போவுக்குத் திரும்பினார்.

திரும்ப முடியவில்லை.

முதலில் எனக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்கக் கீழே இறங்கிய ஒரு நாள் சுவரைப் பார்த்தேன். கட்டம் இல்லை, அம்புக்குறி இல்லை, மடிப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. வரிசை வரிசையாகச் சுருள் எழுத்து, ஒரே மாதிரி. இவர் ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, படம் எதையும் காணோம்?"

"ரெண்டு விரிப்பு போட்டுத்தான் ஆரம்பிக்கறேன். மூணாவது வரியில கை தானா அலைத்தொடருக்குப் போயிடுது."

"போகாம பாத்துக்கங்க."

"பாக்கறேன். இது சுலபமா இருக்கு. சுலபமா ஒரு வழி தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி எப்படி நடக்கறது?"

"அப்போ அந்தச் சுலபமான வழியிலயே எல்போவைப் போட்டுடுங்களேன்."

"அதுல வராது," என்றார். "எல்போவுல அது கட்டுக்கடங்காம முடிவே இல்லாம போயிட்டே இருக்கும். அதுல வராதுன்னுதானே உலகத்துல யாரும் இன்னும் போடல."

வாரம் போனது, மாதம் போனது. சுவரைத் துடைத்துத் துடைத்துக் கரியெல்லாம் போய் அந்த இடம் மட்டும் வெளுத்துவிட்டது. ஜெராக்ஸைக் கிழித்து நானே அடுப்பில் போட்டேன். இவர் தடுக்கவில்லை. "அதைக் கொளுத்திட்ட. தலைக்குள்ள இருக்கறதை?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேராசிரியருக்குப் போன் போட்டுவிட்டேன்.

"நல்லா இருந்த மனுஷன்கிட்டேந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துடுங்க!" என்று கத்தினேன்.

"நான் எதையும் எடுக்கலையேம்மா," என்றார். "கொடுத்தேன். கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்கறது?" அவர் குரலும் உடைந்திருந்தது. நல்ல மனிதரைத் திட்டுவதுபோல் பாவம் இல்லை. திட்டவும் முடியாமல், விடவும் முடியாமல் போனை வைத்தேன்.

பிறகு என் புத்திக்கு எட்டியதைச் செய்தேன். வேலை முடிந்து எல்லாரும் கிளம்பியதும் என் ஜோடிக்காரியை நிறுத்திவைத்துவிட்டு, இவரைக் கையைப் பிடித்து மேலே மடிப்புப் பகுதிக்கு இழுத்து வந்தேன். ஒரு பெரிய விரிப்பை எடுத்து ஓரத்தில் நானே தண்ணீர் ஊற்றினேன். இரண்டு பேரும் பிடித்தோம். மடித்தோம். ஈரம் மறுபாதியில் ஊறியது.

"பாருங்க," என்றேன்.

பார்த்தார். மறுபடி பிரித்து மடித்தோம். நன்றாகக் குனிந்து கவனமாகப் பார்த்தார். ஒரு காலத்தில் இதைப் பார்த்துத்தான் படி படியாகத் தாவிக் கீழே ஓடினார்.

"நீங்க மடிக்கறது தெரியுது," என்றார். "அவ்வளவுதான் தெரியுது."

என் ஜோடிக்காரி விரிப்பை அப்படியே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவர்தான் விரிப்பை எடுத்து உதறி, "விடு, துணி அழுக்காகுது" என்றார்.

வேலையில் ஒரு குறையும் வைத்தவரில்லை. ஓய்வு பெறுகிற வரைக்கும் பாய்லரை ஒழுங்காக ஓட்டினார். எல்போ விரிசல் விட்டால் புதிது மாற்றினார். மாற்றும்போது மட்டும் பழசைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார் என்று உதவியாளர்கள் சொல்வார்கள். சுவரில் எழுதுவதை விட்டுவிட்டார். சீட்டாடக் கற்றுக்கொண்டார், அதிலும் தோற்பார். 'சாக்பீஸ்' என்ற பெயர் மட்டும் போகவில்லை.

வெளியிலோ இவருடைய மதிப்பு ஏறிக்கொண்டே போனது. மடிப்பு முறையைக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்களாம். எங்கெங்கோ இருந்து மாணவர்கள் வந்து இவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். முதலில் எப்படித் தோன்றியது என்று கேட்பார்கள். விரிப்புக் கதையை அட்சரம் பிசகாமல் சொல்வார். கேட்டுவிட்டுக் கை தட்டுவார்கள். அவர்கள் போன பிறகு, "யாரோ ஒருத்தன் கதையைச் சொல்ற மாதிரியே இருக்கும்மா" என்பார். பேராசிரியர் காலமாகும் முன்பு ஒரு தடவை வந்திருந்தார். இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்து பழைய கதை பேசினார்கள். எல்போ என்ற வார்த்தையை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். ஆராய்ச்சி மாணவி. குரலைக் கேட்டால் எங்கள் மகளைவிடச் சின்னவள். எல்போவைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாளாம். இரண்டு விரிப்பு வைத்தே போட்டிருக்கிறாளாம், தானாகவே யோசித்து! முக்கால்வாசி வந்துவிட்டதாம். மேல் விரிப்பிலிருந்து கீழ் விரிப்புக்கு எங்கே இறங்குகிறது என்ற அந்த ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "ஐயா இதைப் பத்தி ஏதாவது யோசிச்சிருப்பாருல்ல?" என்று கேட்டாள்.

இவர் போனை வாங்கி, காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். ம், ம் என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். "யோசிச்சுச் சொல்றேம்மா. நீ நல்ல பொண்ணு. நிச்சயம் சொல்றேன்" என்று வைத்தார். உடனே மகளுடைய பழைய சிலேட்டுப் பலகையைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாக்பீஸ் வாங்க நானே கடைக்கு ஓடினேன். எனக்கும் புத்தி இல்லை பாருங்கள், ஓட்டமாய் ஓடினேன்.

இரண்டு விரிப்பு வரைந்தார். அம்புக்குறி ஒன்று போட்டார். மூன்றாவது வரியில் சுருள் எழுத்து வந்தது. துடைத்தார். மறுபடி வரைந்தார். மறுபடி துடைத்தார். அடுத்த நாளும் அதே. கையைக் கையால் பிடித்துக்கொண்டு எழுதிப் பார்த்தார். இடது கையால் எழுதிப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் சாப்பிடும்போது சொன்னதெல்லாம் ஞாபகத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். "மூலையைச் சுத்தி மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குதுன்னீங்க. மேல போனது ஒரு சுத்து சுத்திட்டுக் கீழ இறங்கணும்னீங்க." ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொல்லத்தான் தெரிகிறது, போடத் தெரியவில்லை. இவருக்குப் போடத் தெரியும், அது வரவில்லை. இரண்டு பேரும் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நேற்று அந்தப் பெண் மறுபடியும் போன் செய்தாள். இவருக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். இவர் என் எதிரில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். சாக்பீஸ் பொடி அப்பிய கையால், வேண்டாம் என்று ஜாடை காட்டினார்.

"அவரு இல்லையேம்மா," என்றேன்.

"அப்படிங்களா? எப்பம்மா வருவாரு?" என்று கேட்டாள்.

நான் இவரைப் பார்த்தேன். இவரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலையேம்மா," என்றேன்.